திறந்தவெளி நாடகமா? காற்றைப் பார்த்து உட்காருங்கள்

கல்லூரி வளாகத்துப் புல்வெளியில் கோடைக்கால நாடகம் பார்க்கப் போனால், விரிப்பைப் போடும் முன் ஒரு கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். மேடையைத் தாண்டி உங்களை நோக்கிக் காற்று வரும்படி இடம் பிடியுங்கள்; சற்று ஓரமாகப் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

தரையோரம் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். அதனால் காற்றோடு வரும் ஒலி கீழே வளைந்து நம் காதுக்கு இறங்குகிறது. காற்றை எதிர்த்து வரும் ஒலி மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடுகிறது. வெயிலில் சூடேறிய தரையும் ஒலியை இப்படித்தான் மேலே தூக்கிவிடும், பொழுது சாய்ந்தபின் வசனம் தெளிவாவது அதனால்தான். மாணவர்கள் மைக் இல்லாமல் தொண்டையைக் கொடுத்து நடிக்கும்போது ஒரு வரியைத் தவறவிடவும் மனசு வராது.

முதல் சில வரிசைகளில் பெரிய வித்தியாசம் தெரியாது, பின்னால் உட்காருபவர்களுக்குத்தான் இது பலன் தரும். ஸ்பீக்கர் வைத்திருந்தால் காற்றைப் பார்க்க வேண்டாம், ஸ்பீக்கருக்கு நேராக உட்காருங்கள். எண் போட்ட இருக்கை, காற்றே அசையாத நாள், சுற்றிலும் கட்டடம் உள்ள முற்றம் என்றால் இது உதவாது.