டாக்டருக்குப் படிக்கலாமா? காசு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் ஒரு பிள்ளை பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் நல்ல ரிசல்ட் எடுத்துவிட்டால், கோயிலிலும் கல்யாண வீட்டிலும் "டாக்டருக்குத்தானே?" என்றுதான் கேட்கிறார்கள். டாக்டர் வேலை இன்னமும் நல்ல வேலைதான். ஆனால் யார் காசில் படிக்கிறோம் என்பதைப் பார்க்காமல் அதில் இறங்கக் கூடாது.

முதலில் வருஷக் கணக்கைப் போடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், அப்புறம் ஐந்து வருஷ மருத்துவப் படிப்பு, அப்புறம் ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மேன் என்ற பயிற்சி டாக்டர் வேலை. முன்பு ஒரு வருஷமாக இருந்த ஹவுஸ்மேன் 2008 முதல் இரண்டு வருஷம். நாலு நாலு மாதமாக ஒவ்வொரு பிரிவாக மாறி மாறி வேலை செய்ய வேண்டும், போஸ்டிங் சபா, சரவாக்கிலும் கிடைக்கலாம். ஸ்பெஷலிஸ்ட் ஆக வேண்டுமென்றால் அதற்கு மேல் இன்னும் நாலு வருஷமாவது ஆகும், எல்லாம் சரியாக நடந்தாலும் முப்பது வயதைத் தாண்டிவிடும்.

வேலை நிரந்தரமா என்பதையும் பாருங்கள். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை அரசாங்கம் கான்ட்ராக்டில்தான் எடுக்க ஆரம்பித்தது. 2021 ஜூலையில் கான்ட்ராக்ட் டாக்டர்கள் நிரந்தர வேலை கேட்டு ஆஸ்பத்திரிகளை விட்டு வெளியே வந்து நின்றது சும்மா இல்லை. அதற்குப் பிறகு நிறைய பேருக்கு நிரந்தர வேலை கிடைத்தது, என்றாலும் படித்து முடித்ததும் அரசாங்க வேலை நிச்சயம் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அடுத்தது காசு, எனக்கு அதிகக் கவலை இதில்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், போங்கள். மலாயா பல்கலைக்கழகம், யு.எஸ்.எம்., யு.கே.எம். எல்லாவற்றிலும் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. எஸ்.பி.எம்.மில் 10ஏ (பத்துப் பாடங்களில் ஏ) எடுத்தால் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024-இல் அறிவித்தார்கள், அதை விட்டுவிடாதீர்கள். தனியார் கல்லூரி என்றால் செலவு லட்சக்கணக்கில் போகும், பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் முழுவதற்கும் போதாது. செம்பனைத் தோட்டத்தில் உழைத்து வாங்கிய வீட்டை அடகு வைத்தால்தான் படிக்க முடியும் என்றால், வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்வேன். அப்பா அம்மா ஓய்வெடுக்க வேண்டிய வயதில் வங்கிக்குக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்ட் வந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவர் காட்டும் பேப்பரை நம்பாதீர்கள். இல்லையென்றால் திரும்பி வந்து தனித் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

பிள்ளைக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஊரில் ஹவுஸ்மேன் செய்யும் அண்ணனோ அக்காவோ லீவுக்கு வரும்போது, பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள், இரவு டியூட்டி, திட்டு, தூக்கமின்மை எல்லாவற்றையும் அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். கேட்ட பிறகும் அதே ஆசை இருந்தால் உடனே யு.பி.யு. (அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பம்) நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கச் சொல்லுங்கள். ஆசை குறைந்தால் பார்மசி, பிசியோதெரபி படிப்புகளையும் அதே யு.பி.யு. பாரத்தில் சேர்த்துப் போடுங்கள்.