டர்பன் ஈரக்காற்றும் பி.இசட்.டி. படலமும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் காற்றில் ஈரம் அதிகம். சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலைப் பூசிக் காயவைத்துச் சுட்டு, பி.இசட்.டி. (ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த ஆக்சைடு) என்ற அழுத்தமின் பீங்கான் (அழுத்தினால் மின்னழுத்தம் தருவது) படலம் பூசும் நம் மாணவர்கள் இதை மறக்கவே கூடாது. கரைசலுக்கு மூலப்பொருளான டைட்டானியம், சிர்கோனியம் ஆல்காக்சைடுகள் ஈரம் பட்டதும் திரிந்துவிடும். புட்டியை உலர்ந்த நைட்ரஜனில்தான் திறக்க வேண்டும்.

தடிமன் வேண்டுமென்று வெறும் கரைசலை ஒரே தடவையில் கனமாகப் பூசாதீர்கள். காயும்போது சுருங்கி, வற்றிய குளத்துத் தரைபோல வெடித்துவிடும். பி.இசட்.டி. பொடியைக் கரைசலிலேயே நன்றாகக் கலந்து, பல அடுக்காகப் பூசுங்கள். சுருக்கம் குறையும், 10 மைக்ரானைத் தாண்டியும் விரிசலில்லாமல் எடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

ஒவ்வோர் அடுக்கையும் 300–400 டிகிரி செல்சியஸில் சுடுங்கள், அப்புறம் கடைசியில் 650–700 டிகிரி. சூட்டில் ஈயம் ஆவியாகும் என்பதால் கரைசலில் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வேண்டும். ஈயம் நஞ்சு: கையுறையும் புகை உறிஞ்சும் பெட்டியும் கட்டாயம்.