கடலில் தூண்டில் போட நிலையான, இடவசதியுள்ள கயாக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை: கிருஷ்ணகிரி, தருமபுரி வாசகர்களுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. கிருஷ்ணகிரி அணையைக் கடந்து செல்லும் தென்பெண்ணை, சாத்தனூர் வழியாக ஓடிக் கடலூருக்கு அருகே வங்கக் கடலில் சேர்கிறது. அந்தக் கடலை நாம் அடைய ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் செல்ல வேண்டும். அணைகளிலும் ஏரிகளிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் கடலில் பாரையையும் சீலாவையும் பிடிக்க ஆசைப்பட்டு துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கை முதன்முதலாக வாங்கும்போது, அணை நீரில் நன்றாக இருந்த படகு கடலிலும் நன்றாகவே இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை ஆபத்தானது என்பதால், எந்த அளவுகளைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: படகின் வகையை முடிவு செய்யுங்கள்

கயாக்குகளில் உட்குழிவினுள் கால்களை நுழைத்து அமரும் வகையும், மூடிய மேல்தளத்தின் மீது அமரும் வகையும் உண்டு. கடல் மீன்பிடிப்பில் தொடக்கநிலையில் இருப்பவர்கள் இரண்டாவது வகையை மட்டும் பார்த்தால் போதும். அதன் உடல் காற்று அடைபட்ட கூடு. மேல்தளத்தில் விழும் அலைநீர், தளத்திலிருந்து அடிப்பகுதி வரை செல்லும் வடிகால் துளைகள் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும். கவிழ்ந்தாலும் படகை நிமிர்த்தி நீரிலிருந்தே மீண்டும் ஏறிவிடலாம். உட்குழிவு வகை கவிழ்ந்தால் உள்ளே நீர் நிறையும். கரையிலிருந்து தொலைவில் அதைத் தனியாளாக இறைத்து மீட்பது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம்.

படி 2: சுமையைக் கணக்கிடுங்கள்

படகின் நீளத்தையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன்பு ஒரு தாளில் உங்கள் மொத்தச் சுமையை எழுதுங்கள். உங்கள் எடை 75 கிலோ என்று கொள்வோம். உயிர்காப்பு அங்கியும் ஈரமான ஆடைகளும் 4 கிலோ, தூண்டில் கோல்களும் கருவிப் பெட்டியும் 6 கிலோ, குடிநீரும் உணவும் 4 கிலோ, சிறிய நங்கூரமும் கயிறும் 3 கிலோ, பனிக்கட்டியுடன் ஐஸ் பெட்டி 8 கிலோ, பிடிக்கப் போகும் மீனுக்கு 10 கிலோ என்று சேர்த்தால் 110 கிலோ வருகிறது. தயாரிப்பாளர் குறிப்பிடும் அதிகபட்சத் தாங்குதிறனில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குள் நம் சுமை இருப்பது நல்லது. எனவே 110ஐ 0.7ஆல் வகுத்தால் 157 கிலோ; அதாவது 160 கிலோவுக்குக் குறைவாகத் தாங்கும் படகு உங்களுக்கானது அன்று. 180 கிலோ தாங்கும் படகாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

இந்த இடைவெளியை வீண் என்று எண்ண வேண்டாம். சுமை கூடக்கூடப் படகு தாழ்ந்து மிதக்கும். அப்போது வடிகால் துளைகள் வழியாக நீர் வெளியேறுவதற்குப் பதிலாக மேலேறி இருக்கைக்கு அடியில் தேங்கும். கழற்றக்கூடிய இருக்கையும், காலால் மிதித்து இயக்கும் வகையாக இருந்தால் அதன் மிதி அமைப்பும் தாங்குதிறன் கணக்கில் அடங்குமா, தனியா என்பதை விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: நிலைத்தன்மையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். படகின் நிலைத்தன்மை இரண்டு வகைப்படும். அசையாத நீரில் அமர்ந்தவுடன் படகு ஆடாமல் இருப்பது தொடக்க நிலைத்தன்மை. படகு ஒரு பக்கமாக நன்கு சாய்ந்த பிறகும் மேலும் சாயாமல் எதிர்த்து நிற்பது இறுதி நிலைத்தன்மை. கடையில் ஏறி அமர்ந்து பார்ப்பவருக்கு முதலாவது மட்டுமே தெரியும்; கடல் கேட்பதோ இரண்டாவதை.

ஒகேனக்கல் பரிசலில் சென்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தட்டையான அடிப்பகுதியும் அகன்ற வட்டமும் இருப்பதால் காவிரியின் அமைதியான பகுதிகளில் பரிசல் பலரைச் சுமந்துகொண்டு அசையாமல் மிதக்கிறது. ஆனால் தட்டையான அடிப்பகுதி எப்போதும் நீர்ப்பரப்பின் சாய்வுக்கு இணையாகவே நிற்க முயலும். நீர் சமமாக இருந்தால் படகும் சமமாக இருக்கும். பக்கவாட்டில் அலை வந்து நீர்ப்பரப்பே சரிந்தால் படகும் அதே கோணத்தில் சரியும், அதில் அமர்ந்திருப்பவரும் சரிவார். ஆகவே, அணையில் எழுந்து நின்று மீன்பிடிக்க ஏற்ற மிக அகன்ற தட்டை அடிப்படகு, அலையின் சரிவில் பயமுறுத்தக்கூடியதாக மாறிவிடும்.

கடலுக்கு ஏற்றது, மிகத் தட்டையான அடிப்பகுதிக்கும் கூர்மையான அடிப்பகுதிக்கும் நடுவில் உள்ள வடிவம். அடிப்பகுதியின் நடுவே நீரைக் கிழிக்கும் மென்மையான முகடும், அதன் இருபுறமும் சற்றே தட்டையான பகுதிகளும், ஓரங்களில் நீருக்கு மேல் வெளிப்புறமாக விரியும் பக்கச்சுவர்களும் இருக்க வேண்டும். படகு சாயும்போது அந்த விரிந்த பக்கம் நீரில் அமிழ்ந்து கூடுதல் மிதப்பைக் கொடுக்கும். அதுவே இறுதி நிலைத்தன்மை எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை. முன்முனை சிறிது மேல்நோக்கி எழும்பியிருந்தால் உடையும் அலையில் குத்திக்கொண்டு போகாமல் ஏறிச் செல்லும்.

அளவுகளாகச் சொன்னால், அகலம் 78 முதல் 86 சென்டிமீட்டர் வரையிலும் நீளம் 3.6 முதல் 4.2 மீட்டர் வரையிலும் உள்ள படகுகளை மட்டும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் குறைந்தால் திருப்புவது எளிது, ஆனால் நேராகச் செல்லாது, வேகமும் குறையும். காற்றை எதிர்த்துக் கரைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு துடுப்பு வீச்சிலும் அந்தக் குறை தெரியும். 90 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான படகுகளை உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விட்டுவிடுங்கள்.

இருக்கையின் உயரமும் நிலைத்தன்மையோடு சேர்ந்தது. உயரமான சாய்வு நாற்காலி வசதியாக இருக்கும், நீருக்குள் பார்ப்பதற்கும் உதவும். ஆனால் உடலின் புவியீர்ப்பு மையம் மேலே செல்வதால் படகு எளிதில் சாயும். உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய இருக்கையே என் தேர்வு: அலை உடையும் பகுதியைக் கடக்கும்போது தாழ்வாகவும், அமைதியான நீரில் உயரமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: இடவசதியை அமர்ந்த நிலையில் சோதியுங்கள்

இடம் எவ்வளவு என்பதை விட, கைக்கு எட்டும் இடம் எவ்வளவு என்பதே முக்கியம். இருக்கையில் அமர்ந்து, முழங்கால் சற்று மடிந்த நிலையில் பாதங்கள் மிதிகட்டையில் பதிகின்றனவா என்று பாருங்கள். திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டிக் கோல் தாங்கிகளைத் தொட முடிய வேண்டும். மடிக்கு முன்னால் உள்ள தளம், கொக்கியோடு துள்ளும் மீனைக் கிடத்தும் அளவுக்குக் காலியாக இருக்க வேண்டும். பின்புறச் சரக்குக் குழியை உங்களிடம் இருக்கும் ஐஸ் பெட்டியின் அளவோடு அளவு நாடாவால் ஒப்பிடுங்கள். கனமான பொருள்களைப் படகின் நடுப்பகுதியில் தாழ்வாக வைக்க வழி உள்ளதா என்பதையும் கவனியுங்கள். முன்முனையில் உள்ள மூடிய அறை பெரிதாக இருப்பது நல்லதுதான், என்றாலும் கடலின் நடுவே அதை நீங்கள் திறக்கப் போவதில்லை.

மிதித்து இயக்கும் கயாக்குகளைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. 1997இல் ஹோபி நிறுவனம் துடுப்பு போன்ற சிறகுகளை மிதியால் அசைக்கும் முறையை அறிமுகப்படுத்திய பின்பு இவ்வகை பரவியது. கைகள் தூண்டிலுக்குக் கிடைப்பது பெரிய வசதி. ஆயினும் கரையருகே ஆழமற்ற நீரிலும் உடையும் அலையிலும் அந்த அமைப்பைத் தூக்கிவிட்டுத் துடுப்பால்தான் கடக்க வேண்டும். எடையும் விலையும் அதிகம். துடுப்பை முதலில் நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு அதை வாங்குவதே முறை. இவ்வளவு அகலமுள்ள படகுக்கு 240 முதல் 260 சென்டிமீட்டர் நீளத் துடுப்பு தேவைப்படும்.

படி 5: அமைதியான நீரில் கவிழ்த்துப் பாருங்கள்

பணத்தைக் கொடுத்து முடிப்பதற்கு முன்பு, இயன்றால் நண்பரின் படகையோ விற்பவரின் மாதிரிப் படகையோ நீரில் சோதியுங்கள். நம் அணைகளிலும் ஏரிகளிலும் இறங்க நீர்வளத் துறையின் அனுமதியையும், மீன்பிடி உரிமை பெற்றவர்களின் ஒப்புதலையும் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். உயிர்காப்பு அங்கி அணிந்து, நீந்தத் தெரிந்த ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டு இவற்றைச் செய்யுங்கள்.

முழுச் சுமையோடு அமர்ந்து, வடிகால் துளைகளில் நீர் மேலேறுகிறதா என்று பாருங்கள். இடுப்பை இருபுறமும் மெதுவாகச் சாய்த்து, எந்தக் கோணத்தில் படகு எதிர்க்கத் தொடங்குகிறது என்று உணருங்கள். இரு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு அமருங்கள். பிறகு பொருள்களை இறக்கிவிட்டு வேண்டுமென்றே கவிழுங்கள். படகை நிமிர்த்தி, பக்கவாட்டிலிருந்து வயிற்றால் ஏறி, உருண்டு இருக்கைக்கு வாருங்கள். உதவியின்றி உங்களால் மீண்டும் ஏற முடியாத படகு, எவ்வளவு நிலையாக மிதந்தாலும் கடலில் உங்களுக்கு உதவாது. இறுதியாக மூடியைத் திறந்து உள்ளே நீர் புகுந்துள்ளதா என்று பாருங்கள். பழைய படகாக இருந்தால் உள்ளே டார்ச் அடித்து, மெலிந்த இடங்களையும் வடிகால் துளைகளைச் சுற்றியுள்ள விரிசல்களையும் தேடுங்கள். கரையில் படகை இழுத்துச் செல்லத் துளைகளில் செருகும் சக்கர வண்டிகளால் அங்கேதான் விரிசல் விழும்.

படி 6: நம் ஊரிலிருந்து கொண்டுசெல்ல முடியுமா?

இத்தகைய படகுகள் பெரும்பாலும் 30 முதல் 45 கிலோ வரை எடை கொண்டவை. உங்கள் காரின் கையேட்டில் கூரை தாங்கும் எடையைப் பார்த்து, அதிலிருந்து கூரைச் சட்டத்தின் எடையைக் கழித்த பிறகே படகின் எடையை முடிவு செய்யுங்கள். சிறிய கார்கள் 4 மீட்டருக்குள் இருப்பதால் படகு காரின் நீளத்துக்கே வரும். நடுவில் இரு பட்டைகளோடு முன்முனையையும் பின்முனையையும் தனித்தனியே கட்ட வேண்டும். வெயிலில் படகின் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் இளகும் என்பதால் பட்டையை அளவுக்கு மீறி இறுக்கினால் அடிப்பகுதி குழிந்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து செல்பவர்கள் ஊத்தங்கரையிலும், தருமபுரியிலிருந்து செல்பவர்கள் அரூரிலும் நிறுத்திக் கட்டுகளைச் சரிபாருங்கள்.

படி 7: கடலில் முதல் சோதனை

புதுச்சேரிக்கு அருகிலுள்ள சுண்ணாம்பாறு போன்ற உப்பங்கழி ஒன்றில், அங்கு உரிய அனுமதி பெற்று, முதலில் பழகுங்கள். கடலில் இறங்கும் நாளில் அந்தக் கரையின் மீனவர்களிடம் பேசி, வலைகள் எங்கே உள்ளன, எங்கே அலை குறைவாக உடைகிறது என்று கேளுங்கள். மீன்வளத் துறையின் விதிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மற்ற மாதங்களிலும் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையும், ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்பையும் பார்த்த பிறகே புறப்படுங்கள்.

கிழக்குக் கடற்கரையில் மேற்குக் காற்று வீசும் காலைகளில் கரையோர நீர் கண்ணாடியாகத் தோன்றும். அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், தூண்டிலைப் போட்டுவிட்டு அமர்ந்திருக்கும் உங்களை நீங்கள் அறியாமலே ஆழ்கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். இத்தகைய நாளில் புதியவர்கள் இறங்கவே கூடாது. மற்ற நாள்களிலும் துணைக்கு இன்னொரு படகு இல்லாமல் செல்ல வேண்டாம். துடுப்பைப் படகோடு கயிற்றால் பிணைத்து, ஊதலை அங்கியில் மாட்டி, நீர் புகாத உறையில் கைப்பேசியை உடலோடு வையுங்கள். கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரு எண்களையும் அதில் முன்பே பதிந்துகொண்டு, திரும்பும் நேரத்தைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் படகைத் தள்ளுங்கள்.