தனித்து இயங்கும் க்ரைம் நாவலாசிரியர் தம் கதையைத் திரைக்குக் கொண்டுசெல்லும் வழி

பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கொடி போலத் தொங்கிய காலத்தில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா போன்றோரின் பெயர்களை வாசகர்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையை அந்த இதழ்களே செய்தன. இன்று அமேசானின் கின்டில் மின்னூலாகவோ, பிரதிலிபி என்னும் இணையக் கதைத் தளத்திலோ, அச்சகத்துக்குத் தாமே பணம் கட்டியோ நூல் வெளியிடும் எழுத்தாளருக்கு அத்தகைய தாங்குதல் கிடையாது. பதிப்பாளர், விளம்பரதாரர், உரிமை முகவர் ஆகிய மூவரின் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. ஓரிரண்டு த்ரில்லர் நாவல்களை எழுதி வெளியிட்டுவிட்டு, அவற்றில் ஒன்றேனும் படமாகவோ இணையத் தொடராகவோ வர வேண்டும் என்று விரும்புகிறவருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

இந்த விருப்பம் கொண்ட பெரும்பாலோர் தயாரிப்பாளரைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். ஆவணங்களில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு நாவலைப் படமாக்கும் உரிமை என்பது நூலை அச்சிடும் உரிமையிலிருந்து தனியாகப் பிரித்து விற்கத்தக்க சொத்து. அந்தச் சொத்து முழுமையாகத் தம் கையில்தான் இருக்கிறது என்று காட்ட முடியாத எழுத்தாளருடன், கதை எவ்வளவு பிடித்திருந்தாலும், பெரிய நிறுவனம் எதுவும் கையெழுத்திடாது. குறிப்பாக ஓடிடி தளங்களுக்குத் தொடர் தயாரித்துத் தரும் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் முதலில் கேட்பதே உரிமைக்கான தாள்களைத்தான்.

பதிவும் ஆதாரமும்

எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை எழுத்தாளருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஆனால் வழக்கு என்று வரும்போது பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரங்களை முதல்நிலைச் சான்றாக நீதிமன்றம் ஏற்கும் என்று 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்வதால், பதிவு செய்துவிடுவது நல்லது. இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டணத்தில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு. சான்றிதழ் கைக்கு வர அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். கையெழுத்துப் பிரதியைத் தமக்குத் தாமே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொள்ளும் பழைய உத்தியைச் சிலர் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். அது இந்தப் பதிவுக்கு ஈடாகாது.

எது பாதுகாக்கப்படுகிறது, எது பாதுகாக்கப்படுவதில்லை என்பதை க்ரைம் எழுதுகிறவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஒரு நாடகாசிரியர் தம் நாடகத்தைத் தழுவிப் படமெடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில், 1978 இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். விசாரணை அதிகாரியே கொலையாளி என்ற திருப்பத்தை யாரும் தனதென்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் தடயங்கள் எந்த வரிசையில் வெளிப்படுகின்றன, எந்தப் பாத்திரம் எதை மறைக்கிறது, எந்தக் காட்சியில் எது உடைகிறது என்ற விரிவான பின்னல் எழுத்தாளருக்குரியது. ஒரு பக்க ஒன்லைனோடு அலையும் உதவி இயக்குநரைவிட, அச்சில் வந்த 250 பக்க நாவலை வைத்திருப்பவர் இந்த வகையில் மிகவும் வலுவான இடத்தில் நிற்கிறார். நாவலாசிரியர்கள் இந்தச் சாதகத்தைப் பெரும்பாலும் உணர்வதில்லை.

சென்னையில் இயங்கும் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிக் கதைச் சுருக்கத்தைப் பதிவு செய்துவைப்பது இரண்டாவது காப்பு. 2007 இல் அங்கே பதிவு செய்யப்பட்டிருந்த ‘செங்கோல்’ என்ற கதைக்கும் ‘சர்கார்’ படத்தின் கதைக்கும் ஒற்றுமை இருப்பதாக 2018 இல் சங்கம் கருத்துத் தெரிவித்ததும், வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரசமாகி டைட்டில் கார்டில் அக்கதையை எழுதியவருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் செய்த பதிவு அன்று கைகொடுத்தது. மும்பையின் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனும் தன் உறுப்பினர்களுக்கு இணையவழிப் பதிவு வசதி தருகிறது. இந்தித் தயாரிப்பாளர்களை அணுகும் எண்ணம் இருந்தால் அதுவும் பயன்படும்.

வெளியிடும் இடத்தில் கவனம்

எந்தத் தளத்தில் வெளியிடுவது என்ற முடிவு, திரை உரிமையை நேரடியாகப் பாதிக்கக்கூடியது. அமேசானின் கேடிபி வழியாகத் தமிழ் மின்னூல் வெளியிடுவோர், இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமத்தொகை (ராயல்டி) பெற விரும்பினால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபியில் தொடராக வந்த நாவலை அங்கே அப்படியே விட்டுவிட்டு இத்திட்டத்தில் சேர்ப்பது விதிமீறல். இது மின்னூல் சார்ந்த கட்டுப்பாடு மட்டுமே. திரை உரிமை எழுத்தாளரிடமே இருக்கும். ஆனால் கதைத் தளங்கள் நடத்தும் போட்டிகளிலும், அவை தேர்ந்தெடுத்த எழுத்தாளர்களுக்கு அனுப்பும் சிறப்பு ஒப்பந்தங்களிலும் ஒலி, காணொளி, திரைப்பட உரிமைகளைக் கோரும் வரி இருக்கக்கூடும் என்பதால், பரிசுத்தொகையைப் பார்ப்பதற்கு முன் விதிமுறைகளைக் கடைசி வரை வாசிப்பது அவசியம்.

சிறு பதிப்பகத்திடம் அச்சு நூலைக் கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. ‘அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே’ என்று ஒற்றை வரியில் முடியும் கடிதங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அந்த வரியை அடித்து, ‘தமிழில் அச்சு நூலாக வெளியிடும் உரிமை மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தாமே அச்சிட விரும்புவோருக்குச் சென்னையின் நோஷன் பிரஸ், பெங்களூருவின் போத்தி போன்ற தேவைக்கேற்ப அச்சிடும் சேவைகள் இருக்கின்றன. நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்தியாவில் இலவசமாகவே வழங்குகிறது, தனிநபரும் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நாட வேண்டியதில்லை.

பெயர் பரவுவது

நூல் முன்னோட்டக் காணொளிக்காகச் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீண் என்பது என் எண்ணம். திரைப்பிரபலத்தை அழைத்து நடத்தும் வெளியீட்டு விழாவும் ஒரு நிழற்படத்தைத்தான் மிச்சமாகத் தரும். அந்தத் தொகையில் நல்லதொரு பிழைதிருத்துநரையும் அட்டை ஓவியரையும் அமர்த்திக்கொண்டால் நூலுக்கு ஆயுள் கூடும். க்ரைம் வாசகர்கள் ஆசிரியரின் பெயரைவிடத் துப்பறிபவரின் பெயரை நினைவில் வைத்து அடுத்த நூலைத் தேடும் இயல்புடையவர்கள். ஆகவே ஒரே நாயகரை வைத்து மூன்று நூல்கள் எழுதுவது, தொடர்பில்லாத மூன்று நூல்களைவிட விரைவாக வாசகர் வட்டத்தை உருவாக்கும். தொடராக நீட்டத்தக்க பாத்திரம் ஓடிடிக்கும் ஏற்றது.

மும்பையில் ஓடிடி தொடர்களுக்குக் கதை தேர்ந்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் தமிழ் வாசிப்பதில்லை. 2008 இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் மாத நாவல் எழுத்தாளர்களின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட பின்னரே, அதுவரை அவர்களை அறிந்திராத ஆங்கில இதழ்கள் அவர்களைப் பற்றி எழுதத் தொடங்கின. முழு நாவலையும் மொழிபெயர்க்க வசதியில்லாதவர் முதல் மூன்று அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் மட்டுமாவது தேர்ந்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம். 2023 முதல் தமிழ்நாடு அரசு நடத்திவரும் சென்னை சர்வதேசப் புத்தகக் கண்காட்சி மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பேசுவதற்கான இடம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். யூடியூபில் கதை வாசிக்கும் ஒலிபரப்பாளர்கள் அனுமதி கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்; ஆனால் அது எழுத்தில், அவர்களுக்கு மட்டுமே என்ற பிரத்யேக உரிமை அல்லாததாக, ஒலி வாசிப்புக்கு மட்டுமானதாக இருக்கட்டும்.

கதையைச் சொல்லும் கலை

தமிழ்த் திரையுலகில் கதை இன்றும் வாயால்தான் விற்கப்படுகிறது. நாவலை அனுப்பிவிட்டு வாசித்துவிட்டு அழைப்பார்கள் என்று காத்திருப்பவர் நெடுங்காலம் காத்திருக்க நேரும். 20 நிமிடங்களில் சொல்லி முடிக்கக்கூடிய ஒரு வாய்மொழி வடிவமும், அதன் ‘நாட்’, அதாவது கதையின் மைய முடிச்சு, என்ன என்பதைச் சொல்லும் ஒரு பக்கமும், நான்கைந்து பக்கக் கதைச் சுருக்கமும் தயாராக இருக்க வேண்டும். சுருக்கத்தில் முடிவை மறைத்து, ‘மீதியை நாவலில் காண்க’ என்று விடுவது க்ரைம் எழுத்தாளர்களின் பொதுவான பழக்கம். வாசகரிடம் அது செல்லும். பணம் போடுபவரோ கொலையாளி யார் என்று முதல் வாசிப்பிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார். முழுத் திரைக்கதையையும் எழுதிக்கொண்டு போவது பல நேரங்களில் எதிர்விளைவையே தருகிறது, ஏனெனில் திரைக்கதை தம்முடையதாக இருக்க வேண்டும் என்றே இயக்குநர்கள் விரும்புகிறார்கள். இயக்குநர் கே.வி.ஆனந்துடன் சுபா இணைந்து பணியாற்றியதைப் போல, திரைக்கதையைத் தனிக்கலையாகக் கற்றுக்கொண்டு உள்ளே நுழைவது வேறொரு பாதை. அதற்கு ஆண்டுக்கணக்கான உழைப்பு வேண்டும்.

யாரிடம் சொல்வது என்பதில் நட்சத்திர இயக்குநர்களைவிட, முதல் படத்துக்குக் கதை தேடும் இணை இயக்குநர்களையே நான் பரிந்துரைப்பேன். வாசிக்கும் பழக்கமுள்ள இயக்குநர்களைக் கண்டறிந்து அணுகுவதும் பலன் தரும்: கோவையில் ஆட்டோ ஓட்டிய மு.சந்திரகுமாரின் ‘லாக்கப்’ வெற்றிமாறன் கையில் ‘விசாரணை’யாகி 2015 இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. ராஜேஷ்குமாரின் நாவலைக் கொண்டு அறிவழகன் இயக்கிய ‘குற்றம் 23’ 2017 இல் வெளிவந்தது. ஓடிடி தளங்களை எழுத்தாளர் தனியாக அணுகுவதைவிடத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் வழியாகச் செல்வதே நடைமுறை. கோவாவில் நவம்பர் மாதம் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் (என்எஃப்டிசி) நடத்தும் திரைச்சந்தையும் நூல்களைத் தயாரிப்பாளரிடம் கொண்டுசேர்க்க முயன்றிருக்கிறது.

ஒவ்வொரு சந்திப்பின் தேதியையும், யார் யார் உடனிருந்தார்கள் என்பதையும் குறித்துவைத்து, அன்று மாலையே ‘இன்று தங்களிடம் சொன்ன கதையின் சுருக்கத்தை இணைத்துள்ளேன்’ என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். இது யாரையும் சந்தேகிப்பதாகாது. பின்னாளில் தகராறு எழுந்தால், எதிர்த்தரப்புக்குக் கதை தெரியவந்த நாளை நிறுவுவதற்கு அந்த மின்னஞ்சலைவிட எளிய சான்று கிடைக்காது.

ஒப்பந்தம்

பேச்சு கனிந்ததும் ஒரு சிறு தொகையை டோக்கன் அட்வான்ஸாகக் கையில் வைப்பது கோடம்பாக்கத்தின் பழக்கம். அந்த மகிழ்ச்சியில் காலவரம்பில்லாத ரசீதில் கையெழுத்திட்டுவிட்டால், படமும் எடுக்கப்படாமல் வேறொருவருக்கும் கொடுக்க முடியாமல் நாவல் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். முன்தொகை பெறுவதானால் அதை விருப்பவுரிமையாக மட்டுமே பெற வேண்டும்: 12 அல்லது 18 மாதங்களுக்குள் முழுத்தொகையைச் செலுத்தி உரிமையை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு தயாரிப்பாளருக்கு உண்டு, தவறினால் முன்தொகையைத் திருப்பித் தராமலே உரிமை எழுத்தாளரிடம் நிற்கும் என்ற பொருளில்.

முழு உரிமை மாற்ற ஒப்பந்தத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவே அடிப்படை. உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையெழுத்துடன், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்ற விவரங்களோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். பெற்றவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் மாற்றம் காலாவதியாகும் என்றும் அப்பிரிவின் 4 ஆம் உட்பிரிவு சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தால் இது பொருந்தாது. நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ‘19 ஆம் பிரிவின் 4 ஆம் உட்பிரிவு இதற்குப் பொருந்தாது’ என்ற வரி எங்கோ ஒரு மூலையில் இருக்கக்கூடும். அதை நீக்கச் சொல்லலாம். மறுத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் படப்பிடிப்புத் தொடங்காவிட்டால் உரிமை திரும்பும் என்ற வரியை அதற்கு மாற்றாகக் கேட்கலாம்.

பணத்தைத் தவணையாகத் தருவதாக இருந்தால் ‘பட வெளியீட்டின்போது’ என்பதற்குப் பதிலாக ‘படப்பிடிப்புத் தொடங்கும் நாளில்’ என்று எழுதுவது பாதுகாப்பானது. வெளிவராத படங்கள் நிறைய உண்டு. மறு ஆக்கம், பிறமொழி, இணையத் தொடர், இரண்டாம் பாகம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி விலை பேசுவதும், சொல்லப்படாதவை எழுத்தாளரிடமே நிற்கும் என்று ஒரு வரி சேர்ப்பதும் முறை. தொடர் நாயகர் இடம்பெறும் நாவல் என்றால் இன்னும் கூடுதல் கவனம் தேவை: பாத்திரத்தின் மீதான முழு உரிமையையும் எழுதிக்கொடுத்துவிட்டால், அந்தத் துப்பறிவாளரை வைத்து அடுத்த நாவல் எழுதுவதற்கே தயாரிப்பாளரிடம் அனுமதி கேட்கும் நிலை வரும்.

கதையை எவ்வளவு மாற்றலாம் என்ற கேள்விக்குச் சட்டத்தின் 57 ஆம் பிரிவு ஓரளவு துணை நிற்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் நாவலைச் சிதைத்துப் படமெடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில், உரிமையை விற்ற பிறகும் சிதைவை எதிர்க்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்று 1986 இல் தில்லி உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இறுதியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. திரைக்கேற்ற மாற்றங்களை ஏற்றுக்கொள்ளும் மனநிலை எழுத்தாளருக்கு வேண்டும் என்றாலும், முடிவு தலைகீழாக மாறினால் ‘நாவலைத் தழுவியது’ என்ற குறிப்பைத் திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தத்தில் கேட்டு வைப்பது நியாயமானதே. திரையரங்குக்கு வெளியிலான பயன்பாடுகளில் கிடைக்கும் உரிமத்தொகையின் சமபங்கைக் கைவிடுவதாக எழுதிவாங்குவது 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு செல்லாது. நடைமுறையில் அதை வசூலிப்பது எளிதன்று என்றாலும், அந்த வரியில் கையெழுத்திடாமல் இருக்கலாம்.

இவற்றைப் பார்த்துச் சொல்லப் பதிப்புரிமை அறிந்த வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவாகக் கருத வேண்டாம். நாவலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் டைட்டில் கார்டில் தனி அட்டையாக, எந்தச் சொற்களில் வரும் என்பதையும், படம் வெளியாகும்போது நூலின் புதிய பதிப்பின் அட்டையில் படச் சுவரொட்டியைப் பயன்படுத்தும் அனுமதியையும் அவர் மூலமாகவே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம். விருப்பவுரிமைக் காலம் படமில்லாமல் முடிந்தால், உரிமை தம்மிடம் திரும்பியதை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் தெரிவித்து, அந்த நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்துக் கேட்டு வரும் தயாரிப்பாளரின் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.