வீட்டு ரவுட்டரில் இணையத் தொலைபேசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடவுச்சொல்லைத் தப்பாக அடிப்பது, கேபிளை இடம் மாற்றிச் செருகுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை உடனே தெரிந்துவிடும். பல நாள் கழித்தே தலைகாட்டும் தவறுகள் வேறு. சாதாரணத் தொலைபேசியை இணையம் வழியாகப் பேசவைக்கும் அடாப்டரைப் புதிதாக வாங்கி ரவுட்டரில் இணைப்பவர்கள் அவற்றையே திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். அவற்றுள் ஒன்று பணத்தையே பறித்துவிடுவதால், முதலில் அதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒருபக்கக் குரலைச் சரிசெய்ய டிஎம்இசட்டைத் திறப்பது

அழைப்பு வருகிறது, நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. அல்லது நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு முறையும் 32ஆவது நொடியில் இணைப்பு அறுந்துபோகிறது. இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் காரணம், பல ரவுட்டர்களில் வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி. எஸ்ஐபி என்பது அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் அடாப்டரும் சேவை நிறுவனத்தின் சர்வரும் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை.

குரல் எந்த முகவரிக்கு வந்துசேர வேண்டும் என்பதை அடாப்டர் தன் எஸ்ஐபி செய்திக்குள்ளேயே எழுதி அனுப்புகிறது. அது 192.168 என்று தொடங்கும் வீட்டுக்குள்ளான முகவரி என்பதால், அதைத் திருத்தி அனுப்புவதற்காகவே ஏஎல்ஜி உருவாக்கப்பட்டது. ஆனால் சேவை நிறுவனங்களின் சர்வர்கள் பெரும்பாலும் அந்த வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. நடுவில் ரவுட்டரும் கைவைக்கும்போது செய்தி சிதைந்து போகிறது. அழைப்பை எடுத்த பிறகு வர வேண்டிய உறுதிச் செய்தி வராவிட்டால், அரை நொடியின் 64 மடங்கு நேரம் பார்த்துவிட்டு அழைப்பை முடித்துவிட வேண்டும் என்பது எஸ்ஐபிக்கான தரநிலை ஆவணமாக 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3261 சொல்லும் விதி. அந்த 32 நொடிக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

ரவுட்டரின் நாட் (முகவரி மாற்றம்) அல்லது ஃபயர்வால் அமைப்புப் பக்கத்தில் ஏஎல்ஜியை அணைத்து, ரவுட்டரையும் அடாப்டரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் போதும். இதைச் சொல்லாமல், "அடாப்டரை டிஎம்இசட்டில் போடுங்கள்" என்று, அதாவது வெளியிலிருந்து வருவதையெல்லாம் தடுக்காமல் அடாப்டருக்கே அனுப்பிவிடும்படி, யோசனை சொல்பவர்கள் மீதுதான் எனக்கு இன்றுவரை கோபம். உள்ளே நுழையும் திருடனுக்குப் பயந்து பூட்டு வாங்கியவர், சாவி திரும்பவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது போன்றது அது.

ஈரோட்டில் வீட்டிலிருந்தே ஜவுளி வியாபாரம் செய்யும் ஒருவர் அந்த யோசனையைக் கேட்டார். சிசிடிவி பார்ப்பதற்காக நிலையான பொது ஐபி முகவரியும் அவரிடம் இருந்தது. குரல் சரியாகிவிட்டது. சில நாளில் நள்ளிரவில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எடுத்தால் யாரும் இல்லை. திரையில் 100, 1001 என்று விசித்திரமான எண்கள். ராங் நம்பர் என்று நினைத்து, இரவில் தொலைபேசி வயரைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கினார். எஸ்ஐபி செய்திகள் நுழையும் வாசலான 5060ஆம் போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று இணையம் முழுவதும் துழாவிக்கொண்டிருக்கும் நிரல்களின் தட்டல் அது. அடாப்டரின் அமைப்புப் பக்கமும் வெளியே தெரிந்தது. அதன் கடவுச்சொல் இன்னும் "அட்மின்" என்றே இருந்தது. உள்ளே நுழைந்தவர்கள் அவருடைய கணக்கிலிருந்து வெளிநாட்டு எண்களுக்கு விடிய விடிய அழைத்து, முன்பணம் முழுவதையும் கரைத்துவிட்டார்கள்.

அடாப்டர் தானே வெளியே சென்று சர்வரில் பதிவு செய்துகொள்வதால், வீட்டு இணைப்புக்கு எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. ஐஎஸ்டி தேவையில்லையென்றால் சேவை நிறுவனத்திடம் சொல்லி அதை முடக்கிவிடுங்கள்.

கீப்அலைவை மறப்பது

நாம் அழைத்தால் போகிறது, நமக்கு வரும் அழைப்பு மட்டும் வருவதில்லை என்றால், ரவுட்டர் அடாப்டரை மறந்துவிட்டது என்று பொருள். பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படலாம். ஆனால் பேச்சில்லாத யுடிபி வழியை (அடாப்டரின் செய்திகள் போய்வரும் தடத்தை) சில ரவுட்டர்கள் ஓரிரு நிமிடத்துக்குள்ளேயே மூடிவிடுகின்றன. அந்த வழி மூடாதிருக்க அடாப்டர் அவ்வப்போது அனுப்பும் சிறு செய்திதான் கீப்அலைவ். அதன் இடைவெளியை 20 முதல் 30 நொடிக்குள் வையுங்கள்.

பழைய சுவர் வயரில் அடாப்டரைச் செருகுவது

மற்ற அறைகளிலும் தொலைபேசி வேண்டும் என்று இதைச் செய்கிறார்கள். அந்தச் செம்புக் கம்பி இன்னும் எக்ஸ்சேஞ்சோடு இணைந்திருந்தால் அதில் 48 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும், மணியடிக்கும்போது இன்னும் அதிகம். அடாப்டரில் தொலைபேசியைச் செருகும் துளை எரிந்துபோகக்கூடும். வெளியிலிருந்து வரும் கம்பியை முதலில் பிரித்துவிடுங்கள்.

குரல் விட்டுவிட்டு வருகிறதென்று பிளானை உயர்த்துவது

குரலைத் தரவாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கேபிபிஎஸ் போதும். அப்லோடை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பாருங்கள்.

வைஃபை

வேண்டாம். லேன் கேபிள்.

மின்வெட்டு

ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றுமே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

வங்கியின் ஐவிஆர் (தானியங்கிக் குரல் சேவை) நாம் அழுத்தும் எண்ணை ஏற்காதபோது

அடாப்டரில், அழுத்தும் எண்களின் ஒலியை அனுப்பும் டிடிஎம்எஃப் அமைப்பை ஆர்எஃப்சி 2833 என்ற முறைக்கு மாற்றுங்கள்.