நீலகிரியில் ஒரு புதிய ரைஃபிளைக் குறிக்குப் பழக்குவது

நெடுந்தூர வேட்டை ரைஃபிள் என்று உறையில் அச்சிட்டு விற்கப்படும் துப்பாக்கிக்கு நம் மலையில் வேட்டை என்ற வேலை இல்லை. நீலகிரியில் வேட்டையாடியவர்களே 1877-இல் ஒரு சங்கம் அமைத்துக் கட்டுப்பாடுகளைத் தொடங்கினார்கள். 1879-இல் இந்த மாவட்டத்திற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்துபோனது. ஆகவே இங்கே எழுதுவது முழுவதும், உரிமம் பெற்ற ரைஃபிளை அனுமதி பெற்ற சுடுதளத்தில் அட்டையின் மீது சுடுபவருக்கானது. தேயிலைத் தோட்டத்துச் சரிவில் ஆளில்லை என்று நினைத்து ஒரு தோட்டாவைக்கூடச் செலவழிக்கக் கூடாது. சிறியது என்று நாம் அலட்சியமாக எண்ணும் 0.22 (அங்குலக் குழல் அளவு) தோட்டாவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. செடிகளுக்கிடையே குனிந்து கொழுந்து பறிப்பவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

புதிய ரைஃபிள் வாங்கியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, முதல் நாளே ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், திருகைச் சுழற்றத் தொடங்குவதுதான். நானும் அதையே செய்தேன். 50 மீட்டரில் குண்டுகள் உள்ளங்கை அகலத்திற்குச் சிதறின. இடப்பக்கம் இரண்டு கிளிக் (திருகின் ஒரு சொடுக்கு ஒரு கிளிக்), மேலே நான்கு கிளிக் என்று திருகித் திருகி நாற்பது தோட்டாக்களைத் தீர்த்தேன். ஓராண்டில் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும் நம்மூரில் நாற்பது என்பது சின்னக் கணக்கல்ல. அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ராணுவத்தார் ஒருவர், "தம்பி, கண்ணாடியை விடு, முதல்ல கட்டையைப் பாரு" என்றார். கட்டை என்பது குழலைத் தாங்கி, பின்நுனி நம் தோளில் பதியும் பாகம். பார்த்தபோது, ஸ்கோப்பைப் பிடிக்கும் பின்பக்க ரிங்கின் ஒரு ஸ்க்ரூ விரலாலேயே சுழன்றது.

ஆகவே முதல் வேலை சுடுவதல்ல, முடுக்குவது. தோட்டா உள்ளே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, ஸ்கோப்பின் அடித்தளம், ரிங்குகள், கட்டையோடு குழலைப் பிணைக்கும் ஸ்க்ரூக்கள் ஆகியவற்றைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, அந்த அளவைக் காட்டும் திருப்புளியால் இறுக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள உலோகத்தின் மீதும் சேர்ந்தாற்போல் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட்டால், அது எப்போது நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். வீட்டிலேயே கிடைக்கும் இந்தக் கருவிக்கு இணையான மலிவான காவல் வேறில்லை.

அடுத்தது மரம். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு பத்தியில் முடிந்துவிடும் செய்தி. நமக்கு இதுவே பாதிப் பாடம். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் காற்றில் ஊறிநிற்கும் ஈரத்தை மரக்கட்டை குடித்து உப்பும். பனிக்காலத்து வறண்ட காற்றில் சுருங்கும். குழல் கட்டையைத் தொடாமல் தனித்து நிற்கும்படி செய்யப்பட்ட ரைஃபிளில், ஒரு நூறு ரூபாய்த் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகி முன்னிருந்து பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். என் ரைஃபிளில் ஜனவரியில் அந்தத் தாள், தோட்டா அமரும் அறையான சேம்பர் வரை தடையின்றிப் போனது. மூன்று வாரம் விடாமல் மழை பெய்த பிறகு, கட்டையின் முன்நுனியிலிருந்து நான்கு விரற்கடையில் வலப்பக்கம் சிக்கி நின்றது. கட்டை அப்படி ஓரிடத்தில் குழலை நெம்பினால், குண்டுகள் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப்போவதும், குழல் சூடாகச் சூடாக ஒதுக்கம் மாறுவதும் இயல்பு. தாள் சிக்கும் இடத்தைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிச் சிறிது இழைத்து, வெறுமையாகிவிட்ட மரத்திற்கு உடனே எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். செயற்கை இழையாலான கட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை; மர அழகை விட மனமில்லாதவர்கள், நான் உட்பட, இதைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஜீரோ செய்வது, அதாவது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. முன்கட்டையையும் பின்கட்டையையும் மணல் மூட்டைகளின் மீது வைத்து, குழல் எதன்மீதும் படாதபடி பார்த்துக்கொண்டு, 50 மீட்டரில் ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டுகள் சுடுங்கள். கையிருப்பு இடம்கொடுத்தால் பத்து. மூன்று குண்டுகள் நெருக்கமாக விழுந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது மகிழ்ச்சிக்கு உதவும், கணக்குக்கு உதவாது. தற்செயலும் மூன்று முறை நெருங்கி விழும். ஒவ்வொரு குண்டுக்கும் திருகாமல், எல்லாத் துளைகளுக்கும் நடுப்புள்ளி எது என்று பார்த்து அதையே திருத்த வேண்டும். கால் நிமிடக் கோணக் கிளிக் (ஒரு நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) உள்ள ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டரும், 50 மீட்டரில் அதில் பாதியும் நகர்த்தும். நடுப்புள்ளி 4 செ.மீ. கீழும் 1.8 செ.மீ. வலமும் இருந்தால், 11 கிளிக் மேலே, 5 கிளிக் இடப்பக்கம். திருகிவிட்டு மீண்டும் ஐந்து.

தோட்டா வகையையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. ஒரே விலையுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்றை ஒரு ரைஃபிள் விரும்பும், மற்றொன்றைத் துப்பும். அதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல், வகைக்குப் பத்து சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுவதில் ஒரே உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்த பெட்டிகளாக வாங்கி வையுங்கள். குழலைச் சுத்தம் செய்தவுடன் போகும் முதல் சில குண்டுகள் தனிவழி போகும் என்பதால், அவற்றைக் குறிப்பேட்டில் தனியாக எழுத வேண்டும்.

உடம்பின் பங்கு பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் இரண்டை மட்டும் சொல்வேன். குறிவைத்த பிறகு கண்களை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள்; குறுக்குக்கோடு புள்ளியை விட்டு நகர்ந்திருந்தால், துப்பாக்கியைக் கையால் இழுத்துத் திருத்தாமல் இடுப்பையும் முழங்கையையும் நகர்த்தி அமருங்கள். இரண்டாவது, விசை விடுபட்ட பிறகும் ஒரு விநாடி கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் இருப்பது. குண்டு எங்கே போனது என்று பார்க்கத் தலையைத் தூக்கும் ஆசையே பல குண்டுகளைக் கெடுக்கிறது. டிசம்பர் காலையில் விரல் மரத்துப்போனால் விசையின் அழுத்தம் தெரியாது. சட்டைப்பையில் கையைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். வீட்டில் தோட்டாவின்றி விசை இழுத்துப் பழகுவது செலவில்லாத பயிற்சி, ஆனால் 0.22 ரைஃபிளில் அதற்கான போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசி சேம்பரின் விளிம்பில் அடித்து அதைக் கெடுத்துவிடும்.

தூரத்தை 100 மீட்டருக்கு நீட்டும்போதுதான் காற்று தன் வேலையைக் காட்டும். 50 மீட்டரில் ஜீரோ செய்த சாதாரண வேகத் 0.22 தோட்டா, 100 மீட்டரில் சுமார் 20 செ.மீ. தாழ்ந்து விழும். அது எப்போதும் அதே அளவு என்பதால் பயமில்லை. பக்கக்காற்று அப்படியல்ல: தூரம் இரட்டிப்பானால் ஒதுக்கம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மலையில் பகல் ஏற ஏறக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும், அந்தி சாய்ந்தபின் கீழிறங்கும். இடையில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பெரும்பாலும் அமைதி. ஜீரோ செய்ய அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். பிறகு காற்றைப் படிக்கக் கொடியை மட்டும் நம்ப வேண்டாம். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை அடிப்பக்கம் வெள்ளி நிறம். மரம் முழுவதும் சட்டென வெளுத்தால் வேகமாக ஒரு வீச்சு வருகிறது என்று பொருள். இலை பச்சைக்குத் திரும்பும்வரை விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.

உயரத்தைப் பற்றிய அச்சம் மிகையானது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனாலும் 100 மீட்டரில் அது உங்கள் கைநடுக்கத்துக்குள் மறைந்துவிடும். பெரிய தோட்டாவை 300 மீட்டருக்குச் சுடுபவருக்கே சில சென்டிமீட்டர் வேறுபாடு தெரியும். அவரும் சமவெளியில் செய்த ஜீரோவை மலையில் ஒருமுறை சரிபார்த்தால் போதும். இலக்கு பத்துப் பாகை கீழே இருந்தால் 100 மீட்டரைக் கணக்கில் 98.5 மீட்டர் என்று கொள்ள வேண்டும். அதற்கும் தனி ஏற்பாடு தேவையில்லை.

மூடுபனியில் நனைந்த ரைஃபிளை அடுப்புச் சூடுள்ள அறைக்குள் நேராகக் கொண்டுவந்தால் உலோகத்தின் மீது நீர் பூக்கும். பெட்டியோடு ஒரு மணி நேரம் வைத்த பிறகு திறந்து துடையுங்கள். ஆனால் பஞ்சு பதித்த அதே பெட்டிக்குள் நிரந்தரமாகப் பூட்டி வைக்கக் கூடாது. தேர்தல் நேரத்தில் நான் என் ரைஃபிளை அப்படியே பெட்டியோடு ஒப்படைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வாங்கியபோது, போல்டின் (சேம்பரைத் திறந்து மூடும் தாழ்) பிடியில் செம்பழுப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. எண்ணெய்த் துணியில் சுற்றாமல் விட்டது என் பிழை. இப்போது மழைக்காலம் முடிந்து முதல்முறை வெளியே எடுக்கும் நாளில், எதையும் இறுக்காமல், திருகாமல், நகப்பூச்சுக் கோடுகளையும் நூறு ரூபாய்த் தாளையும் மட்டும் பார்த்துவிட்டு, சென்ற ஜனவரி அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து குண்டுகள் சுடுகிறேன். சென்ற முறை நடுப்புள்ளி 9 மில்லிமீட்டர் இடப்பக்கம் போயிருந்தது. தாளும் வலப்பக்கம் அதே நான்கு விரற்கடையில்தான் சிக்கியது.