பழைய கோட்டிங்கை உரிக்காமல் துருவில் கை வைக்காதீர்கள்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி மூச்சடைத்த மாதிரி இழுத்து நிற்கும், ஐந்து நிமிடம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். என் ஆர்எக்ஸ் 100 பைக் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இரண்டு முறை இப்படி என்னைத் தள்ள வைத்தது. கார்புரேட்டரை மூன்று தடவை கழுவினேன், பிளக்கை மாற்றினேன். கடைசியில் டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றினால், அதன் சல்லடையைச் சுற்றிப் பாலாடை மாதிரி ஒரு தோல். விரலில் எடுத்துப் பார்த்தேன்: ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் செம்மண் ஒட்டினது போலத் துரு. யாரோ எப்போதோ டேங்குக்குள் இருந்த துருவை எடுக்காமலே அதன் மேல் கோட்டிங், அதாவது உள்பூச்சு, ஊற்றியிருக்கிறார்கள்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் டேங்க் துருப்பிடிப்பதில் அதிசயமில்லை. ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பாதி டேங்க் பெட்ரோலோடு சாய்ப்பில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், இரவு குளிர்ந்தால் உள்ளே வேர்க்கும், அந்தத் தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் போய் உட்காரும். குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வெளியிலிருந்தும் தின்னும். இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அது ஈரத்தை இழுக்கும், பழைய கோட்டிங் சிலவற்றை இளக்கியும் விடும்.

முதலில் பெட்ரோலை வெட்டவெளியில் கேனில் இறக்குங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுக்களை வரை போகும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் பயப்பட வேண்டியது, அதற்குள் இருப்பது முழுக்க ஆவி. டேப், மூடி எல்லாம் கழற்றி, டேப் துளைக்கு ஒரு தகரத்துண்டும் பழைய சைக்கிள் டியூப்பும் வெட்டி வைத்து, டேப்பின் இரண்டு ஸ்க்ரூவாலேயே இறுக்கிவிட்டேன்.

இனிதான் விஷயம். எந்த ஆசிட்டும் கோட்டிங்கைத் தாண்டி உள்ளே போகாது. நீங்கள் ஊற்றும் சிட்ரிக் ஆசிட் கோட்டிங்குக்கு வெளியே இருக்கும் துருவை எடுக்கும், அடியில் இருப்பது அப்படியே இருந்து மறுபடி தள்ளும். அதனால் முதலில் அசிட்டோன். ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும், டேங்கை நிரப்ப வேண்டாம். மூடியைக் காற்றுப் போகிற அளவு லேசாக வைத்து, நிழலில், அரை நாளுக்கு ஒரு பக்கமாகச் சிந்தாமல் சாய்த்து வையுங்கள். வெயிலில் வைத்தால் அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும், இறுக்கி மூடியிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் மேல் ஒரு சொட்டு விழுந்தால் உடனே துடையுங்கள். எனக்கு ஒரு பக்கத்து ஸ்டிக்கர் அப்படித்தான் போனது.

கோட்டிங் கரையும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் ஊறி, வீங்கி, சுருண்டு வரும். அதை உதிர்க்க ஒரு முழம் பழைய செயினைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டுக் குலுக்கினேன். நட்டு போல்ட்டு போடுகிறவர்கள் எத்தனை போட்டோம் என்று எண்ணி எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்று உள்ளேயே குடியிருக்கும். எனக்கு மூன்று சுற்று ஆனது. எபாக்ஸி வகை கோட்டிங் அசிட்டோனுக்கு மசியாவிட்டால் பெயின்ட் ரிமூவர்தான் வழி. அதன் ஆவி பொல்லாதது, சமையலறை கையுறை அதில் இளகிப்போகும், வீட்டுக்குள் வைத்துச் செய்யவே கூடாது. டார்ச் அடித்துப் பார்த்து உள்ளே பளபளப்பான திட்டு எங்கும் தெரியாத வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக், "டாய்லெட் ஆசிட் ஊத்து மக்கா, அரை மணி நேரத்துல வெள்ளி மாதிரி ஆயிரும்" என்றார். ஆகும். கூடவே தகரத்தையும் தின்னும், அடி மடிப்பில் மிச்சம் தங்கி ஒரே வாரத்தில் மறுபடி துருவாக்கும். ரப்பர் பால் உறைய வைக்க வீட்டில் வைத்திருக்கும் ஃபார்மிக் ஆசிட்டும் துருவை எடுக்கும்தான், ஆனால் தோலை வேக வைத்துவிடும், நெஞ்சை அடைக்கும். அதை ரப்பர் பாலோடு விடுங்கள்.

அசிட்டோன் வாடை போகச் சோப்புத்தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசிய பிறகு, லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரை முழுக்க நிரப்புங்கள். குமிழ் வரும், மூடியை இறுக்காதீர்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். லேசான துருவுக்கு ஒரு இரவு, எனக்கு ஒரு நாளைத் தாண்டியது. வினிகரிலும் ஆகும், பல நாள் எடுக்கும்.

ஆசிட்டைக் கொட்டிய சில நிமிடத்திலேயே புதுத் துரு மஞ்சளாகப் படியும், அதனால் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர், ஆப்பசோடா கலந்த தண்ணீர், மறுபடி தண்ணீர், உடனே ஹேர் டிரையர். உள்ளே அசிட்டோனோ பெட்ரோலோ வாடை இருந்தால் டிரையரைத் தொடாதீர்கள். காய்ந்ததும் 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் ஆயில்) கொஞ்சம் பெட்ரோலில் கலந்து ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் செய்தால் பாதி வேலை மிச்சம். அழுக்கு அசிட்டோனைத் தென்னை மூட்டில் ஊற்றிவிடாதீர்கள்.

துரு போனதும் சில டேங்கில் ஊசித்துளை தெரியும். அடி மடிப்பின் வெளிப்பக்கம் சாக்பீஸ் பொடி தூவி, டேங்குக்குள் பெட்ரோல் ஊற்றினால் கசிகிற இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். துளை இருந்தால் டேங்க் வேலை தெரிந்தவரிடம் பற்றவைக்கக் கொடுங்கள், பெட்ரோல் டேங்க் என்று சொல்லிக் கொடுங்கள். துளை இல்லாத டேங்குக்கு மறுபடி கோட்டிங் எதற்கு? நான் ஊற்றவில்லை. டேப்புக்குக் கீழே கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்று போட்டேன். முதல் மூன்று டேங்க் பெட்ரோலுக்கு அதில் டீத்தூள் அளவுக்குப் பொடி வந்தது, நான்காவதில் நின்றுவிட்டது.